ஆபேல் காவல் இருந்த ஞாயிறுகள்

நீங்கள் வாங்கித் தந்த டீயைக் குடிக்கவில்லை என்று வருத்தப்படாதீர்கள், இன்ஸ்பெக்டர் சார். மேலே ஆடை படிந்துவிட்டது. அது உதட்டில் படுவதை நினைத்தாலே எனக்குக் குமட்டும். சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான்.

ஷ்யாம்சுந்தரைப் போதைதான் கொன்றது என்று நீங்கள் முடிவு செய்துவிட்டதாகத் தெரிகிறது. அதில் ஒரு தப்பு இருக்கிறது. சிறுசேரியில் எனக்கு வேலையே அதுதான். மற்றவர்கள் எழுதும் புரோகிராமில் தப்பு கண்டுபிடித்துச் சொல்வது.

நாவலூரில் அவனும் நானும் ஒரே ஃபிளாட்டில் இருந்தோம். நான் குடிக்க மாட்டேன், சிகரெட் தொட மாட்டேன். ஞாயிறு காலையில் சர்ச் கொயரில் பாடுவேன். அதனாலேயே மத்தியானத்தில் என்னைக் காவலுக்கு வைத்தான்.

அதற்கென்று ஒரு முறை உண்டு, சார். ஒருவன் போதை மருந்தில் நனைத்த தாள் துணுக்கை நாக்கில் வைத்துக்கொண்டால், எதுவும் எடுக்காத இன்னொருவன் கூடவே உட்கார வேண்டும். பால்கனிக் கதவைப் பூட்ட வேண்டும். சுவர் மூச்சு விடுகிறது என்று அவன் அலறினால், "ஒண்ணும் இல்லடா, சும்மா சுவர்தான்" என்று மெதுவாகச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் தெளிவாக இருப்பவன் என்ன சொன்னாலும் அவனுக்கு வேதவாக்கு.

வானவில் தெரிகிறது, கடவுள் தெரிகிறார் என்று அவர்கள் பெருமை பேசுவார்கள். பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரிவது வேறு. கண்மணி விரிந்து கண்ணே கறுப்பாகிவிடும். ஏசியிலும் வியர்வை கொட்டும். தாடை இறுகிப் பல் நறநறக்கும். நெஞ்சு அடித்துக்கொள்வது சட்டைக்கு மேலேயே தெரியும். சாப்பிட்ட பிரியாணி, சாப்பாட்டுத் தட்டு கழுவும் தொட்டியிலேயே வந்து விழும். துடைப்பது நான். மறுநாள், "நீ இருந்தா தைரியமா இருக்கு மச்சான்" என்பான். எனக்கு அருவருப்பாக இருக்குமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கொயர் சட்டைமேல் வாந்தி எடுத்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அதைக்கூடக் கவனிக்காமல் கையை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"தோலுக்கு அடியில ஏதோ ஊருது. ஒண்ணும் இல்லன்னு சொல்லு, ஆபேல்."

நான் நிதானமாகப் பார்த்தேன்.

"புழு," என்றேன்.

அவன் சொறிய ஆரம்பித்தான். நான் கூடவே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் போதை இறங்கியது. புழு இறங்கவில்லை. சிலருக்கு அப்படி ஆகும், இதைத் தொட்ட பிறகு புத்தி பழைய நிலைக்குத் திரும்ப ரொம்ப நாளாகும் என்றார் டாக்டர். அவன் வேலை போனது. அம்மா கங்கையம்மாள் கிழக்குத் தாம்பரம் வீட்டுக்கு அழைத்துப் போய் மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினான். முழுசாகத் தேறிவிடுவான் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள்.

போன வாரம் அந்த அம்மா எனக்குப் போன் செய்தார்கள். "உன் பேச்சைத்தான் அவன் கேப்பான் தம்பி. வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போப்பா."

போனேன். தாடியில் தயிர்சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தில் அழுக்கு. அறைக்குள் நுழைந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான், விடவில்லை.

"புழுவே கெடையாதுன்னு டாக்டர் சொல்றாரு. எனக்கும் இப்ப அப்படித்தான் தோணுது. ஆனா நீ அன்னிக்குத் தெளிவா இருந்த. நீயே சொல்லு மச்சான், இருந்துச்சா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அது எனக்குத் தெரியும்.

"இருந்துச்சு. இன்னும் உள்ளதான் இருக்கு," என்றேன்.

அவன் அழவில்லை. ரொம்ப மரியாதையாகக் கேட்டான், "எது போட்டா சாகும்?"

வரும்போதே அவர்கள் பாத்ரூமைப் பார்த்திருந்தேன். தரையெல்லாம் மஞ்சள் கறை. மூலையில் ஆசிட் பாட்டில் சும்மா கிடந்தது. அதைச் சொன்னேன். பிறகு சமையலறைக்குப் போய், மிக்ஸி ஓடிக்கொண்டிருந்ததால் கொஞ்சம் சத்தமாகவே, அந்த அம்மாவிடம் உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தேன். பாத்ரூம் கதவு சாத்தும் சத்தம் எனக்குக் கேட்டது. அவர்களுக்குக் கேட்கவில்லை.

கையில் ஊற்றிக்கொள்வான் என்றுதான் நினைத்தேன். புழு உள்ளே இருக்கிறது என்று நான் சொன்னதால் அவன் குடித்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் அந்த அம்மா என் தோளில் சாய்ந்து, "நீ கூட இருந்துமா இப்படி ஆச்சு?" என்று அழுதார்கள். மூக்குச்சளி என் சட்டையில் பட்டது. நான் பொறுத்துக்கொண்டேன்.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவன்மேல் எனக்கு அக்கறை இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள். குளிப்பாட்டி வெள்ளைத் துணி போர்த்தியபோது போய்ப் பார்த்தேன், சார். எவ்வளவு சுத்தமாக இருந்தான் தெரியுமா?