பின் பம்பர்

மல்லாந்து படுத்து வேலை செய்கிறவனுக்கு முதலில் போவது இடுப்பு. எனக்குப் போய் ரொம்ப நாளாகிறது, சார். இந்த ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தால் குறுக்கே கம்பியைச் செருகின மாதிரி வலிக்கிறது. நின்றுகொண்டே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். வண்டியில் பின் பம்பர் ஏன் இல்லை என்றுதானே கேட்டீர்கள். முதலிலிருந்து சொன்னால்தான் அது விளங்கும்.

என் பெயர் பழனி. கள்ளக்குறிச்சியில், சங்கராபுரம் ரோட்டில், கார்களுக்கு டிங்கரிங், பெயிண்டிங் செய்கிற ஷெட் வைத்திருக்கிறேன். ஷெட் என்னுடையது. அது நிற்கிற மண் நைனார்பாளையம் நாராயணசாமி ஐயாவுடையது. என் அப்பாவும் அம்மாவும் அவர் கரும்புக் காட்டில் வெட்டுக் கூலிகள். நானும் மீசை முளைக்கும் வரை சோகை உரித்தவன்தான். எங்கள் குடும்பத்தில் ஒரு முருங்கைக் கொம்பு நட்டுவைக்கக்கூட யாருக்கும் சொந்தமாக இடம் இருந்ததில்லை.

போன மாதம் ஐயாவின் மகன் புது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். காரும் இல்லாமல் ஜீப்பும் இல்லாமல், உயரமாக நின்று, பின்னால் கூரை சரிந்து இறங்குகிற சின்ன வண்டி. முன் பம்பர் இடது பக்கம் உடைந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது வளைவில் மாடு குறுக்கே வந்துவிட்டதாம். பின்னாலேயே ஐயா வந்தார்.

"ரெண்டு பம்பரையும் கழட்டிடு பழனி. புதுசு நான் வரவழைச்சுத் தரேன்."

"பின்னாடி நல்லாத்தானுங்களே இருக்குது?"

"முன்ன மட்டும் புதுசா மின்னிக்கினு இருந்தா, பாக்கறவன் இன்னா ஆச்சுன்னு கேப்பான். பழச கொளுத்திடு."

கிளம்பும்போது ஷெட்டை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். "இந்த எடம் எனக்கு எதுக்குடா? வேலைய நல்லபடியா முடி. உன் பேருக்கே எழுதிடறேன்."

அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்.

என்னிடம் கலையரசன் வேலை பார்த்தான். வேறு ஆள் கிடையாது, ஷெட் போட்ட நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேர்தான். முன் பம்பரை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இழுத்தோம். கிளிப்பெல்லாம் தெறித்துக் கையோடு வந்ததும் உள்ளேயிருந்து கடுக்காய் கொட்டியது. கூடவே சாக்கு நூல், பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு.

கலை ஒரு கடுக்காயை எடுத்து உருட்டிப் பார்த்தான். "மாடு வளையல் போட்டுக்கினு கடுக்கா பொறுக்கப் போச்சாண்ணா?"

எதிலும் ஒரு நக்கல் அவனுக்கு. நானும் சிரித்தேன். பிறகு பெருக்கித் தள்ளச் சொன்னேன். தள்ளினான். வளையல் துண்டை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். அப்போதே கேட்டிருக்கலாம்.

அவன் பெண்டாட்டி நிர்மலா ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிறவள். மலையிலிருந்து ஒரு பொம்பளையைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள், வண்டி இடித்துவிட்டுப் போய்விட்டது என்று அவள் வீட்டில் சொல்லியிருக்கிறாள். கலை நேரில் போய்ப் பார்த்துவிட்டே வந்தான்.

"பாப்பாத்தின்னு பேருண்ணா. இடுப்பு நொறுங்கிப்போச்சு. இன்னா வண்டின்னு தெரிஞ்சாத்தான் கேசு போட்டு நாலு காசு வாங்க முடியுமாம். நம்பர மட்டும் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். உன் பேரு வராது."

"சொன்னா ஷெட்டு?"

"வேற எடத்துல போட்டுக்கலாம். கையி இருக்குதில்ல."

அவன் வயசுக்கு அது சரி. எனக்கு இன்னொரு தடவை கம்பம் நட்டு ஷீட் போட உடம்பு இல்லை. அந்தப் பொம்பளைக்கு நானே மாதாமாதம் ஏதாவது கொடுக்கிறேன் என்றேன்.

"குடுப்பே, இல்லேன்னு சொல்லல. அவ படுத்த படுக்கையா கெடக்கப் போறா. எத்தினி வருசத்துக்குக் குடுப்பே?"

நியாயமான கேள்விதான். அதனால் எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள் சார், கோபத்தில் நான் எதுவும் செய்யவில்லை. ஐயா அனுப்பின புது பம்பர்களில் பாக்கி இருந்த பின் பம்பரையும் மாட்டிக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றான். எடுத்த வேலையைப் பாதியில் விடுகிறவன் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பின் பம்பரை மாட்டினோம். பக்கத்துக் கடைகள் பூட்டியிருந்தன. பின் பம்பரில் பொட்டு வைத்த மாதிரி சென்சார்கள் இருக்கும். மாட்டினதும் அதைச் சோதிக்க வேண்டும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். நான் உள்ளே உட்கார்ந்து ரிவர்ஸ் கியர் போட்டு பிரேக்கை மிதித்துக்கொள்வேன். கலை பின்னால் தள்ளி நின்று வண்டியை நோக்கி நடந்து வருவான். கிட்டே வரவர பீப் சத்தம் அவசரப்படும். ஒரு முழத்துக்குள் வந்தால் விடாமல் ஒரே சத்தமாக நீளும். எந்த வண்டிக்கும் அப்படித்தான் செய்வோம். அவன் ஆடிக்கொண்டே வருவான்.

அன்றைக்கு நான் மாற்றிச் சொன்னேன். "நீ செவுத்துகிட்டயே நில்லு. நான் வண்டிய வுட்டுக்கினு வரேன்."

"எப்பவும் நான்தானே நடந்து வருவேன்?"

"ஐயா வூட்டு வண்டிடா. ஓடறப்ப சரியா கத்துதான்னு பாக்கணும்."

"சரி சரி. வூட்ல அண்ணி மேல இருக்கற காண்ட எம்மேல காட்டிடாத," என்று போய்ச் சுவரில் முதுகை வைத்து நின்றான். கையில் டீ இருந்தது.

அந்த வண்டியின் பின்கண்ணாடி, கூரைச் சரிவில் ஒடுங்கிப்போய் ஒரு பட்டை மாதிரிதான் இருக்கும். ஆள் நின்றது தெரியவில்லை என்றால் யாரும் நம்புவார்கள். முதலில் உங்களிடமும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் முன்னால் கேமராத் திரை இருக்கிறது. அதில் கலை முழுசாகத் தெரிந்தான். பீப் நீள ஆரம்பித்ததும் கையைக் காட்டி, "போதும்ணா, நல்லா கத்துது," என்றான். நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்துப் பக்கத்தில் வைத்து அழுத்தினேன். எடுக்காமல் அழுத்தினேன்.

பிறகு வண்டியை முன்னால் நகர்த்திவிட்டு இறங்கினேன். சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தான். மூச்சு இருந்தது. "ண்ணா" என்று கூப்பிட்டான். புது பம்பர் நடுவில் பிளந்திருந்தது. எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். பம்பர் இல்லாத வண்டிக்குச் சென்சார் கிடையாது. சென்சார் இல்லாவிட்டால் சத்தம் கேட்கவில்லை என்று சொல்லலாம். கீழே படுத்தேன். அவன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். போல்ட்டைத் தளர்த்தி, கிளிப்பை உருவி, பம்பரை இழுத்து, பழசைக் கொளுத்தின குழியிலேயே போட்டுக் கொளுத்தினேன். அது உருகி அடங்கின பிறகுதான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். அதற்கு முன்பே அவன் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

சுவரில் ஒட்டியிருந்த பம்பரின் புதுப் பெயிண்டை நீங்கள் சுரண்டிப் பார்ப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஐயா என்னைத் தெரியாது என்று சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள். ஷெட்டைப் பூட்டிவிட்டாராம். அவரைக் குறை சொல்வதற்கில்லை. பம்பரைக் கழற்றச் சொன்னார், அவ்வளவுதான். நேற்று நிர்மலா வந்து இந்த ஸ்டேஷன் வாசலில் நின்று, "எம்புருசன் உனுக்கு இன்னாய்யா பண்ணான்?" என்று கேட்டாள். ஒன்றும் பண்ணவில்லை என்றேன். பொய் சொல்லவில்லை.

கலையரசனைக் கொன்றது நான்தான். கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பாக்கி வைத்துப் பழக்கம் இல்லாதவன் நான். கலைக்கு அந்த வாரக் கூலியைச் சனிக்கிழமையே கொடுத்துத் தீர்த்துவிட்டேன். அந்த மலைக்காரப் பொம்பளையை நான் பார்த்ததுகூட இல்லை. ஐயா வீட்டுக்குத்தான் ஒரு பின் பம்பர் கடன் நிற்கிறது.