'புவர்' என்றால் ஏழை என்று நினைத்தவள்

மேடையில் வீற்றிருக்கும் தாளாளர் அவர்களே, ஷிப்ட் முடிந்து அப்படியே வந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே! நான் ஹாஜிரா. இந்தக் கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரியில், குழந்தைப்பேறு வைத்திய அறையில், டாக்டர் சந்திரகலா அம்மாவோடு வேலை செய்த நர்ஸ். அம்மாவின் இரங்கல் கூட்டத்துக்கு அழத்தான் வந்தேன். கோபம்தான் வருகிறது.

அதோ உட்கார்ந்திருக்கிறாளே, அத்திப்பட்டு ரோசம்மாள்! "எம் பேரச் சொல்லியே பேசுக்கா" என்றாள். சொல்கிறேன். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், பிள்ளை உண்டாக, இரண்டு தடவை இவளுக்கு வயிறெல்லாம் ஊசி. கருமுட்டை சரியாக வளரவில்லை. அந்த டாக்டர் முகத்தைக்கூடப் பார்க்காமல் "புவர் ரெஸ்பாண்டர்" என்றாராம். மருந்துக்கு உடம்பு சரியாகப் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். அதை யார் இவளிடம் சொன்னார்கள்? புவர் என்றால் ஏழை, அதுதான் இவளுக்குத் தெரியும்!

எங்களிடம் வந்த அன்று பட்டுப்புடவை. நாத்தனார் நகையும் சேர்த்துக் கழுத்து நிறைய நகை. உட்காரும் முன்பே ஆரம்பித்தாள்: "எங்கள புவர்னு ஒதுக்கிட்டாங்கமா. எங்க ஊட்டுக்காரு கம்பெனில பர்மனென்ட்டு! பவர் ஜாஸ்தியா ஊசி போடுமா."

அம்மா மேசையில் ஓங்கித் தட்டினார். "ஹாஜிரா, அந்த வார்த்தை இந்த ரூமுக்குள்ள வரக்கூடாது!" பிறகு இவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊசிய ஏத்திக்கினே போனா முட்டை வந்துடாது ரோசம்மா. கொறச்சுப் பாப்போம். மாத்திரையோட கொஞ்சம் ஊசி. பலிக்கலாம், பலிக்காமலும் போலாம். பொய் சொல்ல மாட்டேன்."

இப்படிச் சொல்ல எத்தனை டாக்டருக்கு மனசு வரும்? அவரையா 'கம்மி ஊசி டாக்டர்' என்று கேலி செய்தீர்கள்? இரண்டாயிரத்து எட்டு பிறந்தும், பிள்ளை இல்லையென்றால் பெண்ணைத்தானே கேட்கிறீர்கள்! டெஸ்டுக்குக் கூப்பிட்டால் ஷிப்ட் இருக்கிறது என்று ஓடிய ஆண்களே, உங்களையும்தான் சொல்கிறேன்!

போன வாரம் மாரடைப்பில் அம்மா போனார். அதற்குள் திங்கட்கிழமை முதல் அந்த அறையைப் பூட்டச் சொல்கிறார் தாளாளர். ஐயா! ரோசம்மாளுக்கு மருந்து நடந்துகொண்டிருக்கிறது. திங்கட்கிழமை ஸ்கேன். வயது முப்பத்தொன்பது. இந்த மாதமும் வீணானால் யார் திருப்பித் தருவது? அம்மா படத்துக்கு மாலை போட்ட கையால் அவர் அறைக்குப் பூட்டுப் போடுவீர்களா?

அம்மாவிடம் படித்த மீஞ்சூர் டாக்டர் தஸ்லீம் வந்து பார்க்கச் சம்மதித்துவிட்டார். அம்மா ஆரம்பித்ததை நாங்கள் முடிப்போம். திங்கட்கிழமை காலையில் ரோசம்மாள் வருவாள், நானும் வருவேன். அறைச் சாவி என் இடுப்பில் இருக்கிறது. கேட்காதீர்கள் ஐயா, தர மாட்டேன்.