மூன்றாம் குரல் வரைக்கும்

விடிய இன்னும் நேரம் இருந்தது. ஐந்து மணி இருக்கும். மலைமேல் இருக்கிற வாழவந்தியிலிருந்து இறங்குகிற ரோட்டில் ஈ காக்கை இல்லை... பனி மட்டும். அந்தப் பனிக்குள் ஒரே ஒரு பைக். ஓட்டியவன் மாதப்பன், நம் ஊர் சரவணனின் அக்கா புருஷன். பின்னால் அக்கா மல்லிகா. கதை கேட்க உட்கார்ந்துவிட்டு அங்கே யார் சிரிக்கிறது? சரவணன் வந்திருந்தால் அவனையே கேட்கலாம். அவன் இப்போதெல்லாம் இருட்டினால் வெளியே வருவதில்லை.

மாதப்பனுக்கு நெடுநாளாக வயிற்றில் எரிச்சல். மயக்க ஊசி போட்டு, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"ஏனுங்க, பயமா இருக்குதுங்களா?" என்றாள் மல்லிகா.

"வகுறே காலியாக் கெடக்குது. பயம் எங்க போயி உக்காரும்?"

ஆஸ்பத்திரியில் அவனை மேசையில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். தொண்டையில் கசப்பாக எதையோ அடித்தார்கள்... நாக்கு மரத்துப்போனது. பல்லுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம். சிஸ்டர் குனிந்து சொன்னாள்: "முடிஞ்சதும் பேரு சொல்லிக் கூப்புடுவேனுங்கண்ணா. ஊம்னு கொரலு குடுத்துப்போடுங்க. அவ்வளவுதானுங்க."

பால் மாதிரி ஒரு மருந்து கையில் ஜில்லென்று ஏறியது. அப்புறம் இருட்டு.

வெறும் இருட்டு என்றால் பரவாயில்லை. நெருக்குகிற இருட்டு... காலை நீட்ட முடியவில்லை, கையைத் தூக்க முடியவில்லை. எங்கோ தூரத்தில் மெஷின், 'பீப்... பீப்...' என்று. பக்கத்தில் யாரோ இருந்தார்கள். பல நாள் பட்டினி கிடந்தவன் வாயில் வருமே, அந்தப் புளிச்ச வாடை. அந்த மூச்சு இவன் கன்னத்தில் பட்டது.

"மாதப்பன்..."

கூப்பிட்டது சிஸ்டர்தான். சட்டென்று பேசியிருக்கலாம். ஆனால் மலையில் பிறந்தவன் எவனும் முதல் குரலுக்கு வாய் திறக்கமாட்டான். ஆள் தெரியாமல் பேர் மட்டும் கேட்டால், மூன்றாவது குரலுக்குத்தான் 'ஊம்' என்பது. காத்துக்கருப்பு இரண்டு தடவைக்குமேல் கூப்பிடாது. மாதப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

"மாதப்பன், கண்ணத் தொறங்க..."

இன்னும் ஒன்று. ஒன்றே ஒன்று...

"ஊம்" என்றது பக்கத்தில் இருந்தது.

அதுவும் மாதப்பனின் குரலில்.

"முழிச்சுக்கிட்டாருங்க. அக்கா, உள்ள வாங்க."

மல்லிகாவின் கொலுசு வந்தது. யாரோ செருமினார்கள், அது இவனுடைய செருமல். "பசிக்குது மல்லி" என்றது அந்தக் குரல். கொலுசும் செருப்பும் சேர்ந்தே நடந்து போயின. கதவு சாத்திக்கொண்டது. இவன் கத்தினான்... கத்துவதற்கு வாய் எங்கே இருக்கிறது? அதுதான் உடம்போடு நடந்து போய்விட்டதே. தான் மாட்டிக்கொண்டதைவிட, மல்லிகா எதைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள் என்பதுதான் அவனை அறுத்தது.

வெகுநேரம் கழித்து மேசை மறுபடி கிரீச்சிட்டது. மறுபடி ஸ்பிரிட் வாடை. இப்போது பக்கத்தில் ஒரு வயசான அம்மா, இருட்டில் நடுங்கிக்கொண்டு. இவனுக்குப் பாவமாகத்தான் இருந்தது. சத்தியமாகப் பாவமாகத்தான் இருந்தது.

"காவேரியம்மா..."

முதல் குரல்.

"மன்னிச்சுக்க சாமி" என்று அவளிடம் சொல்லிவிட்டு, "ஊம்" என்றான் மாதப்பன்.

மறுநாள் காலை வாழவந்தி பஸ்ஸிலிருந்து, முன்பின் பார்த்திராத ஒரு அம்மா இறங்கினாள். அறுபது வயது இருக்கும். யாரிடமும் வழி கேட்கவில்லை. நேராக மல்லிகா வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினாள். சரவணன் அப்போது வாசலில் காப்பிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

மல்லிகா கதவைத் திறந்தாள்.

"மல்லி, நாந்தான். நம்ம பெரிய புள்ள பொறந்தன்னிக்கு நான் அளுதது உனக்கு மட்டுந்தான தெரியும்... உள்ள இருக்கறது யாரு?"

மல்லிகா வெளுத்துப்போனாள். அந்த அம்மாவின் கண்ணையே பார்த்தாள். பார்த்துவிட்டு, ஒரு காலை வெளியே எடுத்து வைத்தாள்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் தோளைப் பிடித்தது... மெதுவாக உள்ளே இழுத்தது. கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் சரவணனுக்கே கேட்டது.

அப்புறம் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, வாய் நிறையச் சோற்றை மென்றுகொண்டே, ஒரு குரல்:

"கூப்பிட்டப்பவே பேசியிருக்கோணும், மாதப்பா."