இரண்டு முட்டுக் கம்புகள்

மோட்டாரை நிறுத்த மறந்தது நான்தான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா. பெங்களூரில் ஒரு கம்பெனி கேண்டீனில் நானூறு பேர் சாம்பாருக்கு உப்புப் பார்க்கிறவனுக்கு, கடத்தூரில் பூட்டிக் கிடக்கும் சொந்த வீட்டின் ஒரே ஒரு சுவிட்ச் நினைவில் நிற்கவில்லை. மாதம் இரண்டு ஞாயிறு வந்து, வாசலைப் பெருக்கி, தென்னங்கன்றுக்குத் தண்ணீர் விட்டுப் போவது வழக்கம். அன்று மோட்டாரைப் போட்டுவிட்டு பேக்கரி வாசலில் நாலு பேரைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன். மொரப்பூரில் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஓடிப்போய் ஏறிவிட்டேன்.

மாடித் தொட்டி ஒன்றரை நாள் வழிந்திருக்கிறது. பின்னறைச் சுவர் அப்பா கட்டியது, செங்கல்லும் மண் சாந்தும். ஊறி, வெடித்து, உள்பக்கமாக வயிறு தள்ளி நின்றது.

வீட்டுக் கடன் தந்தபோதே பேங்கில் இன்சூரன்ஸும் போட்டுவிட்டிருந்தார்கள். அதை விட்டால் சுவரைத் திரும்பக் கட்ட எனக்கு வேறு வழியில்லை. எப்படிச் சேதமானது என்று படிவத்தில் கேட்டிருந்தது. என் முட்டாள்தனத்துக்கு எவன் பணம் தருவான்? மழை என்று எழுதினேன். யார் குடியிருக்கிறார்கள் என்ற இடத்தில், நானும் குடும்பமும் என்று எழுதினேன். ஆக, இரண்டு பொய்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தெரிவித்த விவரம் உண்மை நிலையோடு பொருந்தவில்லை, கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. எந்த விவரம் என்று இல்லை. பேங்கில் கேட்டால் கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். கம்பெனி நம்பரில் ஒரு பெண், "சிஸ்டம்ல அப்படித்தாங்க சார் வருது" என்றாள். சுவரைப் பார்த்துப்போன சர்வேயர் போனையே எடுக்கவில்லை.

பாலிசிப் புத்தகத்தை நானே படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில், முப்பது நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடக்கும் வீட்டைப் பற்றி ஒரு வரி இருந்தது. அகப்பட்டது அந்தப் பொய்தான் என்று முடிவுகட்டினேன். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு மனு அனுப்பினேன். மழையை என்னால் வரவழைக்க முடியாது. குடித்தனத்தை வரவழைக்கலாம்.

லூர்துமேரி தக்காளி மண்டியில் காய் பிரிப்பவள். கணவன் இல்லை, மகள் கேத்தரின் தருமபுரியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். இருந்த வீட்டைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள். நம் வீட்டில் இரு, வாடகை வேண்டாம் என்றேன். அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான். நான் இளகிய மனசுக்காரன், ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

சேதமான அறையில் ஆள் இருந்தால்தானே மனு நிற்கும். கட்டிலைப் பின்னறையில், அந்தச் சுவரை ஒட்டியே போடச் சொன்னேன்.

"ஏனுங்ண்ணா, செவுரு வவுத்தத் தள்ளிக்கிட்டு நிக்குதே."

"எனக்குந்தான் தள்ளிக்கிட்டு நிக்குது. நான் வுழுந்துட்டனா?"

"நீங்க வுழுந்தா எந்திரிச்சுக்குவீங்க. அது எம்மேலயில்ல வுழுவும்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

அதற்காகவே கொத்தனார் சென்றாயனைக் கூப்பிட்டு இரண்டு சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்தேன். "இத மட்டும் எடுத்துராதீங்க, செவுரு நிக்காது" என்றார். நாலு மாதம் நின்றது.

பிறகு, புதன்கிழமை மறுபடி ஆள் வந்து பார்ப்பார் என்று கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. முந்தின ஞாயிறு போட்டோ எடுக்கப் போனேன். லூர்துமேரி பூசைக்குப் போயிருந்தாள். கட்டில், அடுப்பு, மாதா படம், கேத்தரினின் பள்ளிக்கூடப் போட்டோ. நல்ல குடித்தனம். ஆனால் எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் கம்புகள் தெரிந்தன. ஆபத்து என்று தெரிந்தே ஆளைக் குடிவைத்திருக்கிறான் என்பார்களே. கழற்றி மாட்டுக் கொட்டகையில் வைத்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

இந்த இடத்தில் ஊர்க்காரர்கள் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். மாதவராஜ் மறதிக்காரன், மோட்டாரை மறந்த மாதிரி கம்பையும் மறந்துவிட்டான் என்கிறார்கள். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மோட்டாரை மறந்தேன். கம்பை மறக்கவில்லை. திருப்பத்தூர் தாண்டும்போது அவள் போன் செய்தாள்.

"அண்ணா, கம்பக் காணோமுங்க."

"நான்தான் எடுத்தேன் மேரி. புதங்கெழம ஆளு வந்து பாத்துட்டுப் போவட்டும். மூணு நாளுதான்."

"கட்டிலையாவது தள்ளிப் போட்டுக்கட்டுங்களா?"

"வேண்டாம். போட்டோல இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

"சரிங்ண்ணா."

செவ்வாய் மதியம் மழை வந்தது. நிஜ மழை. மண்டிக்கு லோடு வரவில்லை என்று சீக்கிரமே வந்து படுத்திருக்கிறாள்.

சவப்பெட்டியின் ஒரு மூலையை நான்தான் சுமந்தேன். கல்லறையில் கேத்தரின், "மாமா, முட்டுக் குடுத்திருந்தீங்களே, அது எங்கீங்க?" என்று கேட்டாள். கரையான் அரித்திருக்கும் என்றேன். அழுதேன், அது நடிப்பில்லை.

உங்கள் எஃப்.ஐ.ஆரில் 'மேற்படி வீட்டில் குடியிருந்து வந்தவர்' என்று எழுதியிருந்தீர்கள். அதன் நகலை மனுவோடு சேர்த்து அனுப்பினேன். ஆள் குடியிருந்ததற்கு அதைவிட வலுவான ஆதாரம் கிடைக்காது. அவள் சாவு வீணாகிவிடக் கூடாது என்றுதான் அனுப்பினேன்.

நேற்று வீடியோவில் விசாரணை. கம்பெனி சார்பில் சுகுணா என்ற அதிகாரி வந்தார். எந்த விவரம் பொருந்தவில்லை என்று கேட்டேன். எட்டு மாதமாக எல்லோரிடமும் கேட்ட அதே கேள்வி. அவர் ஃபைலைப் புரட்டிவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"வீடு பூட்டிக் கெடந்தது பிரச்சினையே இல்லீங்க. மாசம் ரெண்டு தடவ வந்து போறீங்க, அது போதும். நீங்க மழைன்னு எழுதின தேதியில கடத்தூர்ல ஒரு சொட்டு மழை இல்ல, அதுதான். தொட்டி நிரம்பி வழிஞ்சு செவுரு போச்சுன்னு உள்ளத எழுதியிருந்தா, அதுக்குப் பாலிசியில மொதப் பக்கத்துலயே எடம் இருக்குது. அப்பவே பணம் குடுத்திருப்போம்."