வெள்ளம் வரும் சத்தம்

தேநீர் நன்றாக இருக்கிறது, சர்க்கரையும் அளவாக இருக்கிறது. அந்த மின்விசிறியை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், ஐயா. அதன் இரைச்சல் எனக்கு இப்போது ஒத்துக்கொள்வதில்லை.

நானும் ஸுஹைபும் கல்லூரி நாளிலிருந்து சேர்ந்து வேலை செய்தவர்கள். அவன் மைக் செய்வான். நான் பதிவு செய்து இசையாகக் கோப்பேன். மணல்மேடு சரிவது, உப்புப் பாறை வெயிலில் வெடிப்பது எல்லாம் அம்மான் நகரில் அரங்கம் நிறைய ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். கிடைக்காதது ஒன்றுதான்: காய்ந்துகிடக்கும் வாதிக்குள், அந்தப் பாலைவன ஆற்றுப் பள்ளத்துக்குள், வெள்ளம் முதன்முதலாக நுழையும் சத்தம். மூன்று குளிர்காலம் கூடாரம் போட்டுக் காத்துக்கிடந்தோம். ஒருமுறை வந்தது, யாரோ சுற்றுலாக்காரர்களின் ஜீப் ஹாரன் அடித்துக் கெடுத்தது.

அன்று எங்கள் தலைக்கு மேல் வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. கிழக்கே மலைப்பக்கம்தான் கறுத்திருந்தது. பள்ளத்தின் அடியில் கட்டியிருந்த மைக் பாறையிடுக்கிலிருந்து நழுவிவிட்டது. ஸுஹைபுக்கு அங்கே இறங்கவே பயம். இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர், ஏறிவர ஒரே கயிறு. அவனுடைய சித்தப்பா மகன் அப்படியொரு வெள்ளத்தில் போனவன்.

"எனக்கு இது சரியாப் படல, லுப்னா. கிழக்கால பாரு."

"மேல, தண்ணி வர்ற பக்கம் ஒரு மைக் வெச்சிருக்கோம்ல? தண்ணி வந்தா உனக்கு முந்தி எனக்குக் கேக்கும், சொல்லிடறேன். இந்தப் பயத்துக்கு மீசை ஒரு கேடு."

சிரித்துக்கொண்டே இறங்கினான்.

நான் விளிம்பில் ஹெட்போனோடு உட்கார்ந்தேன். மேல் மைக்கில் முதலில் ஒரு முனகல். பிறகு கற்கள் உருண்டன, பூமிக்குள் யாரோ பல்லை நறநறவென்று கடிப்பதுபோல. பயந்தேன், மறைக்கவில்லை. அப்படியொரு சத்தம் அதுவரை நான் கேட்டதில்லை. ஏறிவர அவனுக்கு நேரம் இருந்தது.

வாக்கிடாக்கியில் அவனே கேட்டான். "ஏதாச்சும் கேக்குதா? இங்க காத்து திடீர்னு ஜில்லுனு வருது."

"ஒண்ணுமில்ல. மைக்கை இறுக்கிட்டியா?"

"ஆச்சு. ஏறட்டுமா? எனக்கு என்னமோ போல இருக்கு."

யோசித்துப் பாருங்கள். அவன் ஏறினால் சரளை சரியும், மூச்சிரைக்கும். முதல் நீர் மண்ணைத் தொடும் சத்தம் அதில் அடிபட்டுப்போகும்.

"இருடா, பதிவு ஓடுது. பேசாம அப்படியே நில்லு."

நின்றான். அவ்வளவு நல்லவன்.

கயிறு எங்கே அறுந்தது என்று கேட்டீர்கள். அறுந்துபோகவில்லை. நீரில் ஆடிப் பாறையில் மோதும் என்று நான்தான் மேலே இழுத்துக்கொண்டேன். அதைப் பார்த்தபோதுதான் அவன் நிமிர்ந்தான். அவன் முகம் வெளுத்ததை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கிறேன், அதனால் தூங்குவதில்லை.

கூப்பிட்டானா என்கிறீர்கள். ஒருமுறை, என் பெயரைச் சொல்லி. பதிவில் தேடாதீர்கள், அதை வெட்டி எடுத்துவிட்டேன். அவன் இருந்திருந்தால் அவனும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பான்.