ஜோனஸின் இரண்டாவது வாக்கு

ஜன்னல் பக்கம் வேண்டாம் பாதிரியாரே, காற்று வரும். இப்படிக் கணப்போரமாக உட்காருங்கள். நான் படுத்த படுக்கையாகக் கிடப்பது தெரிந்தும் என் சொந்தத் தங்கை ஏன் இந்த வீட்டுப் படி ஏறுவதில்லை என்று கேட்டீர்கள். ஊருக்குப் புதியவர், கேட்கத்தான் செய்வீர்கள். சொல்கிறேன். மறைக்க இதில் ஒன்றுமில்லை.

இந்த மெல்பரோவில் எனக்கு வங்கி இருந்தது. தங்கை ஹெஸ்டரின் கணவன் ஜோனஸ் டில்லிக்கு நெசவுக் கொட்டகைகள் இருந்தன. கலகலப்பான ஆள். எங்கே கண்டாலும், "என்ன மச்சான், பெட்டி நெறைஞ்சிருச்சா, இன்னும் எடம் இருக்கா?" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

நான் பாராளுமன்றத்துக்கு முதன்முறை நின்றபோது எங்கள் ஊருக்கு இரண்டு இடங்கள். வாக்காளன் ஒவ்வொருவனுக்கும் இரண்டு வாக்கு. வேண்டுமானால் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு மற்றதைப் போடாமலும் விடலாம். மேடையேறி, வேட்பாளர்கள் முன்னால், ஊர் கேட்கப் பெயரைச் சொல்ல வேண்டும். பெரிய நிலக்காரர் சர் ரால்ஃபுக்கு ஓர் இடம் உறுதி. மற்றதற்கு நானும், பீர் காய்ச்சும் பிரவுஸும் போட்டி. என் ஆட்கள் என் பெயரை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்கள். வாக்கெடுப்பின் கடைசி நாள் ஜோனஸ் ஏறினான். முதலில் என் பெயரைச் சொன்னான். நான் தொப்பியைக் கழற்றி வணங்கினேன். அடுத்து, அதே குரலில், பிரவுஸ் என்றான்.

ஒரே வாக்கில் தோற்றேன். அந்த இரண்டாவது பெயரை அவன் சொல்லாமல் இருந்தால் சமம். சமமானால் யார் வென்றதென்று முடிவு சொல்லும் மேயரோ என் ஆள். கூட்டத்தில் எவனோ கத்தினான்: "பேங்க்கார ஐயா, காசெல்லாம் எண்ணினீரே, மச்சானை எண்ணலையா?" முட்டைக்கோசுத் தண்டு ஒன்று வந்து என் மார்பில் விழுந்தது. துடைத்துக்கொண்டு நேரே போய் ஜோனஸுக்குக் கைகொடுத்தேன். "அடுத்த தடவை பாத்துக்கலாம் மச்சான்" என்றான். முகத்தில் சிறு சங்கடம்கூட இல்லை. அன்று என் வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

அவனை நான் திட்டவில்லை. கடன் கொடுத்தேன். கேட்காமலே கொடுத்தேன். கொட்டகையைப் பெரிதாக்கு, தறிகளைக் கூட்டு என்றேன். "நீ மனசுல ஒண்ணும் வச்சுக்கலையே அண்ணா, எனக்கு அது போதும்" என்று ஹெஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அடுத்த தேர்தலில் என்னை எதிர்க்க ஆளில்லை. வழக்கப்படி நாற்காலியில் வைத்துத் தூக்கி ஊரைச் சுற்றினார்கள். முன்னால் தோள்கொடுத்தவன் ஜோனஸ். வழியெல்லாம் நான் அவன் வழுக்கைத் தலையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவன் கம்பளிக்கு ரொக்கம் தருவதில்லை, சீட்டு எழுதித் தருவான். அதை என் வங்கியில் நீட்டினால் பொன் கிடைக்கும். எங்கள் ஊரில் ஒரு வியாபாரியின் மானம் எதில் இருக்கிறது தெரியுமா? வங்கிக்காரன் அவன் சீட்டைப் படித்துப் பார்க்காமலே வாங்கிக்கொள்வதில். ஜோனஸின் சீட்டை நான் படித்ததே கிடையாது.

துணி விற்காமல் தேங்கிக் கிடந்த ஓர் இலையுதிர்காலம் வரும்வரை காத்திருந்தேன். சந்தை நாள், வங்கியில் நெரிசல். கம்பளி வியாபாரி டாபின் வந்து ஜோனஸின் சீட்டை நீட்டினார். நான் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினேன். முன்பக்கம் படித்தேன். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். வரிசையில் பேச்சு நின்றுபோயிற்று.

"உங்களுக்குத் தொந்தரவு இல்லைன்னா, டாபின், இதை அடுத்த வாரம் கொண்டு வர்றீங்களா?" என்றேன்.

"ஐயா, இது டில்லியோட சீட்டுதானே?"

"அவரோடதுதான். அதனாலதான் கேக்கறேன்."

இதில் ஒரு சொல் பொய்யில்லை. மதியத்துக்குள் சந்தை முழுக்கத் தெரிந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் அவனுக்குக் கடன் கொடுத்தவர்கள் அவன் வாசலில் நின்றார்கள். எல்லாரும் வழக்குப் போட்டார்கள், நான் போடவில்லை. என் பெருந்தன்மையை ஊரே பேசியது. கடன் கட்டாதவர்களை அடைக்கும் சிறையிலிருந்து ஜோனஸ் சொல்லியனுப்பினான்: "பணம் வேண்டாம் மச்சான். என்னை நம்பறேன்னு சந்தையில ஒரு வார்த்தை சொல்லு, போதும்." உண்மைதான், போதும். நான் சொல்லவில்லை. குளிர்காலத்தில் சிறைக் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தான். அவனைக் கொன்றது நான்தான். உங்களிடம் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஹெஸ்டர் என்னிடம் வந்தாள். சத்தம் போடவில்லை.

"அண்ணா, ஓட்டுப் போடறதுக்கு முன்னால எங்க வீட்டுல சாப்பிட்டப்ப அவர் உன்கிட்ட கேட்டாரே. பிரவுஸ் குடும்பம் அவரோட அப்பாவைக் கஷ்டத்துல தாங்கியிருக்கு, ரெண்டாவதை அவனுக்குக் குடுக்கட்டுமான்னு. தாராளமாக் குடு, நான்தான் ஜெயிச்சாச்சேன்னு நீதானே சொன்னே?"

அதன் பிறகு அவள் என்னிடம் பேசியதில்லை.

சொன்னேன், பாதிரியாரே. நல்ல ஆட்டிறைச்சி, நல்ல ஒயின், வாய் நிறையச் சொன்னேன். மறந்துவிடவில்லை. கடன் கொடுத்தபோதும் நினைவிருந்தது, கண்ணாடியை மாட்டியபோதும் நினைவிருந்தது. ஆனால் நீங்களே நியாயம் சொல்லுங்கள். என்மேல் உண்மையான பிரியம் உள்ளவன் அதைக் கேட்டிருப்பானா?