கேபினட்டுக்குள் நீல விளக்கு

"கம்ப்யூட்டர் பொட்டிக்கு எதுக்குடா கண்ணாடி ஜன்னலு? அது என்னா வெளியே வேடிக்கை பாக்கப் போவுதா?"

செவிலிமேடு டவுன் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண் தன் தம்பியிடம் கேட்டாள். இருவருக்கும் ஒரே பட்டுக்கடையில் வேலை என்பது பேச்சிலேயே தெரிந்தது. அவள் கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடுகிறவள். அவன் அங்குள்ள கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன்.

"அழகா இருக்கட்டும்னுதான்க்கா அந்தக் கருப்பு கேபினட் வாங்குனேன். உள்ள நீல லைட்டு எரிஞ்சா கடைக்கு வர்றவங்க நின்னு பாக்குறாங்க. மொதலாளிக்கும் ரொம்பப் புடிச்சிருக்குது."

"பழைய வெள்ளை டப்பா என்னடா பாவம் பண்ணுச்சு? உன் நீல வெளிச்சம் என் மேஜை பூரா அடிக்குது. அதுல வச்சுப் பாத்துதான் அந்தக் கல்யாணப் புடவைக்கு நூல் எடுத்தேன். கத்திரிப்பூன்னு நெனச்சேன், வெயில்ல பாத்தா அரக்கு. முழுசா நெய்து முடிச்சாச்சு."

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பத்து வருசமா கலர் பாக்குறேன். 'உனக்குக் கண்ணு போச்சும்மா, நாளையிலேருந்து வராதே'ன்னு மொதலாளி எல்லார் எதிர்லயும் சொல்றாரு. நீ பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தியே!"

"லைட்டாலதான்னு எனக்கு அப்பவே தெரியும்க்கா. சொன்னா என் வேலை போயிடும்னு..."

அவர்கள் நிறுத்தம் வந்தது. இருவரும் எழுந்தார்கள்.

"நீ வீட்டுக்கு வராதே. எதிர்ல பஸ் வரும், ஏறிக் கடைக்குப் போ. எல்லார் எதிர்லயும் சொல்லு. அப்புறம் வா."

அவன் சாலையைக் கடந்து எதிர் நிறுத்தத்தில் போய் நின்றான். எங்கள் பஸ் நகர்ந்தபோதும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. அவன் ஏறுகிறானா என்று பார்த்தபடி இந்தப் பக்கமே நின்றிருந்தாள்.